பிண்ணாக்கு எங்கே?

(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில், குற்றாலத்தில், தென்காசிப் பக்கத்துக் குழு ஒன்றின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். மைக்கைப் பிடித்தது ஒருவர் என்றாலும் குழு மொத்தமும் உட்கார்ந்து தயாரித்த பேச்சு இது.)



எங்களைப் பேசக் கூப்பிட்டதும், கடன் திருப்பத்தைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று கணக்கு நோட்டையெல்லாம் தூசி தட்டி வைத்தோம். பிறகு போன் வந்தது. "உங்க குழுவில பேப்பர் வாசிச்சுச் சிரிக்கீங்களாமே, அதைப் பேசுங்க" என்றார்கள். சரி, சிரித்த கதையையே சொல்கிறோம்.

எங்கள் குழு 2001-ல் ஆரம்பித்தது. பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். மற்றவர்களுக்கு வயல் வேலை. ரெண்டு பேர் சீசனுக்குக் குற்றாலத்தில் கடை போடுகிறவர்கள். புதன்கிழமை ராத்திரி ஏழு மணிக்குக் கூட்டம். சந்தா வாங்கி, உள்கடன் கணக்கு எழுதி, கையெழுத்தெல்லாம் போட்ட பிறகு பத்து நிமிஷம் செய்தி வாசிப்போம். அரசியல் வாசித்தால் சண்டை வருகிறது. சினிமா வாசித்தால் பத்து நிமிஷம் போதவில்லை. அதனால் விஞ்ஞானச் செய்தி, புது மிஷின் செய்தி, வானிலைச் செய்தி மட்டும்தான் என்று தீர்மானம் போட்டோம். வாசித்து முடித்ததும் யாருக்கு என்ன தோன்றுகிறதோ சொல்லலாம். சொன்னதை எழுதிவைக்கக் காலேஜுக்குப் போகிற ஒரு பிள்ளையைப் போட்டிருக்கிறோம். தீர்மான நோட்டில் முன்பக்கத்திலிருந்து தீர்மானம், பின்பக்கத்திலிருந்து இந்தப் பேச்சு. தணிக்கைக்கு வந்த அம்மா ஒருத்தர் தெரியாமல் பின்பக்கத்தைத் திறந்துவிட்டார். அவர் முன்பக்கத்துக்கு வந்து சேர அரைமணி நேரம் ஆயிற்று.

இதெல்லாம் ஆரம்பித்தது ஒரு வடைக் காகிதத்தால். 2009 செப்டம்பர் மாதம். டீக்கடையிலிருந்து வடை சுற்றி வந்த பேப்பரில் "நிலவில் தண்ணீர்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. மீதியை எண்ணெய் தின்றுவிட்டது. அதற்கு முந்தின வருஷம், 2008 அக்டோபர் 22-ல் நம் நாடு அனுப்பிய சந்திரயானில் போன ஒரு கருவி கண்டுபிடித்த விஷயம் அது.

"நிலாவுல பாட்டி வடை சுடுதான்னு சின்னதுல சொன்னாவ. வடைப் பேப்பர்லயே தண்ணியும் வந்துட்டு பாத்தியளா" என்றார் ஒரு மதினி.

"நம்ம தெருக் குழாய்க்கு எந்தக் கிழமை விடுவாவளாம்?" என்று கேட்டார் இன்னொருத்தர்.

சிரித்தோம். ஆனால் ஒருத்தர் மட்டும் விடவில்லை. "தண்ணின்னா எவ்வளவு? குளமா, குடமா, கைப்பிடியா?" தலைப்பில் அது இல்லை. மறுநாள் பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சரிடம் கேட்டோம். குளமும் இல்லை, குடமும் இல்லை, மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டிருக்கிற ஈரம், ஒரு டன் மண்ணுக்கு ஒரு லிட்டர் தேறினாலே பெரிசு என்றார். "ஒரு டன் மண்ணை அள்ளிப் பிழிஞ்சு ஒரு லிட்டரா? அதுக்கு நம்ம அடிபம்பே தேவல" என்று முடித்துவைத்தார் மதினி. கிண்டல்தான். ஆனால் டவுனில் மெத்தப் படித்தவர்கள் நிலாவில் ஆறு ஓடுவதாகப் பேசிக்கொண்டிருந்த வாரத்தில் எங்களுக்குச் சரியான அளவு தெரிந்திருந்தது.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒரு ஆச்சி. பள்ளிக்கூடம் போனதில்லை. கையெழுத்து குழுவுக்கு வந்த பிறகு கற்றது. செக்காட்டுகிற வீட்டில் பிறந்தவர். பின்பக்க நோட்டில் பாதி அவர் பேச்சுதான்.

ஸ்கைலாப் கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். அமெரிக்கா 1973-ல் வானத்தில் நிறுத்திய பெரிய ஆய்வுக்கூடம் அது. 1979 ஜூலையில் கீழே விழப்போகிறது, எங்கே விழும் என்று தெரியாது என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஊரே கதிகலங்கிப் போச்சாம். "எப்படியும் சாகத்தான போறோம்னு முட்டைக்கு வச்சிருந்த கோழியை அடிச்சுக் குழம்பு வச்சோம். பக்கத்து வீட்டுல ஆட்டையே வெட்டிட்டாவ. 11-ஆம் தேதி அது எங்கேயோ ஆஸ்திரேலியாவுல போய் விழுந்துட்டு. விடிஞ்சு பாத்தா நாங்க இருக்கோம், கோழிதான் இல்ல." தெலுங்கு நாட்டிலும் இதே கூத்துதான் போலிருக்கிறது. இந்தப் பயத்தை வைத்தே 2021-ல் தெலுங்கில் ஒரு சினிமா எடுத்திருக்கிறார்கள்.

அந்தச் செய்தியின் வால் இன்னும் நல்லாயிருக்கும். துண்டுகள் விழுந்த இடம் எஸ்பரன்ஸ் என்கிற ஆஸ்திரேலிய ஊர்ப் பக்கம். அந்த ஊர் நிர்வாகம், குப்பை போட்டதற்காக அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்கு 400 டாலர் அபராதம் போட்டது! அவர்கள் கட்டவே இல்லை. முப்பது வருஷம் கழித்து, 2009-ல், அமெரிக்காவில் ஒரு வானொலிக்காரர் நேயர்களிடம் வசூல் செய்து கட்டினார். இதை வாசித்ததும் எங்கள் ஊக்குநர் சொன்னது: "குழுக் கடன் மாதிரில்லா இருக்கு. ஒருத்தி கட்டலைன்னா மத்தவ எல்லாரும் சேர்ந்து கட்டுதது."

(வங்கி சார் ரொம்பச் சிரிக்கிறார். அவருக்கு அனுபவம் இருக்கும்.)

இனி தலைப்புக்கு வருகிறோம். பச்சிலை பெட்ரோல் கதை நம் பக்கத்துக் கதை. இங்கிருந்து மதுரை ரோட்டில் போனால் வருகிற ராஜபாளையத்துப் பக்கம்தான் ராமர் பிள்ளையின் ஊர். 1996-ல் தண்ணீரில் மூலிகையைப் போட்டுக் கொதிக்கவைத்தால் பெட்ரோல் வருகிறது என்று அவர் செய்துகாட்டினார். நாடு முழுக்கப் பேச்சு. பெரிய பெரிய ஆட்கள் பாராட்டினார்கள். விஞ்ஞானிகள் சிலர்கூட முதலில் அசந்துதான் போனார்கள். நம்ம பக்கத்து ஆள் உலகத்தையே மாற்றப் போகிறார் என்று நம் ஊர்களில் பெருமை தாங்கவில்லை. இருக்கத்தானே செய்யும்?

அப்போது ஆச்சி கேட்டாராம்: "ஒரு படி எள்ளு ஆட்டினா எண்ணெய் இவ்வளவு, பிண்ணாக்கு இவ்வளவுன்னு கணக்கு இருக்கு. ரெண்டையும் நிறுத்துப் பாத்தா போட்ட எள்ளுக்குச் சரியா வரும். இவர் ஒரு பிடி இலையைப் போட்டு ஒரு சட்டி எண்ணெய் எடுக்காரு. எடுக்கட்டும். பிண்ணாக்கு எங்க?"

ஊரில் எல்லாரும் சிரித்தார்களாம். "செக்கு வீட்டுப் பொம்பளைக்குப் பிண்ணாக்கு நெனைப்புத்தான் வரும்" என்று.

பிற்பாடு இதை நாங்கள் அறிவியல் டீச்சரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. வேதியியல் படித்தவர்கள் கேட்ட கேள்வியும் இதுதான் என்றார். பெட்ரோல் முக்கால்வாசிக்கும் மேல் கரிதான், கார்பன் என்கிறோமே அது. தண்ணீரில் கார்பனே கிடையாது. அப்படியானால் சட்டி நிறையப் பெட்ரோலுக்கு வேண்டிய கரி முழுவதும் அந்த ஒரு பிடி இலையிலிருந்துதான் வரவேண்டும். வராது. ஒரு பிடிக்கு மேல் கனமில்லாத இலையிலிருந்து எப்படி வரும்? போட்டதும் எடுத்ததும் கணக்குச் சரியாக வரவேண்டும் என்பதுதான் வேதியியலில் முதல் பாடமாம். ஆச்சி அதைச் செக்கடியில் படித்திருக்கிறார்.

அந்த எரிபொருளைச் சென்னையில் விற்கவும் செய்தார்கள். பெட்ரோலியப் பொருள்களையே கலந்து மூலிகை எரிபொருள் என்று விற்றதாக சி.பி.ஐ. 2000-ல் வழக்குப் போட்டது. 2016 அக்டோபரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் ராமர் பிள்ளைக்கும் இன்னும் நாலு பேருக்கும் மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அந்தச் செய்தியை வாசித்த புதன்கிழமை ஆச்சி ஒன்றும் பேசவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே எங்களை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

அடுத்த மாதமே வேறொரு வேடிக்கை. 2016 நவம்பர் 8 ராத்திரி பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். நாம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். அந்தக் களேபரத்தில் புது இரண்டாயிரம் ரூபாய் நோட்டில் ஒரு சின்ன சிப்பு இருக்கிறது, 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் மேலேயிருந்து கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஒரு சேதி. டி.வி.யில்கூடச் சொன்னார்கள்.

"அரிசிப் பானைக்குள்ள வச்சா?" என்று ஒருத்தர் பயந்தார். நாம் காசு ஒளித்து வைக்கிற இடம் அதுதானே! வீட்டுக்காரருக்கே தெரியாத இடம், மேலே சுற்றுகிற சாட்டிலைட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற கவலை. இன்னொரு தங்கச்சி உடனே, "எனக்கு ஒரு நோட்டு தாங்க, அவுஹ சட்டைப் பையில வச்சுத் தச்சிருதேன். ராத்திரி எங்க போறாஹன்னு தெரியட்டும்" என்றாள்.

சிரிப்பு அடங்கின பிறகு, பீடி சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "செல்லுக்கு தினமும் சார்ஜ் போடுதோம். நோட்டுக்கு யாரு சார்ஜ் போடுவா?"

முடிந்தது கதை! எங்கே இருக்கிறோம் என்று மேலே சேதி அனுப்பக் கரண்டு வேண்டும். காகிதத்துக்குள் பேட்டரி ஏது? சிப்பெல்லாம் கிடையாது என்று ரிசர்வ் வங்கியும் சொல்லிவிட்டது. அந்த நோட்டையே 2023 மே மாதம் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டார்கள்.

இதுவரை சொன்னது மற்றவர்கள் கதை. இனிச் சொல்வது எங்கள் பணம் சம்பந்தப்பட்டது.

2017-ல் ஒரு கம்பெனி ஆள் எங்கள் கூட்டத்துக்கே வந்தார். பேன்ட், ஷூ, கையில் பெட்டி. பெட்டிக்குள் சின்னப் பெட்டி. அதைச் சுவரில் பிளக்கில் செருகிவிட்டால் கரண்டு பில் பாதியாகக் குறையும், விலை 1,500 ரூபாய், குழுவிலேயே உள்கடன் போட்டு எல்லாரும் வாங்கிக்கொள்ளலாம் என்றார். கையோடு ஒரு மோட்டாரும், கரண்டை அளக்கிற கருவியும் கொண்டுவந்திருந்தார். மோட்டாரை ஓடவிட்டார், முள் மேலே போயிற்று. பெட்டியைச் செருகினார், முள் இறங்கிற்று. கண்ணால் பார்த்தோம். பதினாறு பேர், பதினாறு பெட்டி, 24,000 ரூபாய். அந்த மாசம் ஒரு பிள்ளையின் காலேஜ் பீஸுக்கென்று எடுத்துவைத்திருந்த பணத்தையும் சேர்த்தால்தான் அவ்வளவு தேறும். சில பேர் தீர்மானம் எழுதச் சொல்லிவிட்டார்கள். பார்த்ததை நம்பாமல் எப்படி?

முதலில் வாயைத் திறந்தவர் வயல் வேலை அக்கா. "தம்பி, எங்க வீட்டுல ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட்டுக்குள்ளதான் ஓடும். போன வருஷத்துலயிருந்து நூறு யூனிட் இலவசம். பில்லே கிடையாது. அதுல பாதி குறைச்சா கரண்டு ஆபீஸ்ல எனக்குக் காசு தருவாவளா?"

எல்லாரும் குலுங்கிச் சிரித்தோம். அந்த ஆளும் சேர்ந்து சிரித்துவிட்டு, அதிகம் ஓடுகிற வீட்டுக்குச் சொல்கிறேன் என்றார். அப்போதுதான் ஆச்சி, "எய்யா, கரண்டு பாதி குறையுதுன்னா பேன் பாதி வேகத்துல சுத்துமா? இல்ல முழு வேகமா?" என்றார். முழு வேகம்தான் என்றார் அவர். "விளக்கு?" அதே வெளிச்சம்தான். "அப்போ மிச்சப் பாதிக் கரண்டு எங்கன இருந்து வருது? பிண்ணாக்கு எங்க?"

அவருக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது.

எங்கள் நோட்டு எழுதுகிற பிள்ளை எழுந்து போய் மீட்டரைப் பார்த்தாள். வீட்டு மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கு மினுக்கென்று எரியும், பார்த்திருப்பீர்கள். எங்கள் மீட்டரில் 3200 மினுக்கல் என்றால் ஒரு யூனிட் என்று எழுதியிருக்கிறது. ஒரு பேன், ஒரு குண்டு பல்பு மட்டும் போட்டுவிட்டு, மற்றதையெல்லாம் அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் எண்ணினாள். 72. பெட்டியைச் செருகிவிட்டு மறுபடியும் பத்து நிமிஷம். பதினாறு பேரும் மீட்டரைச் சுற்றி நின்று, கோயிலில் சுற்று எண்ணுகிற மாதிரி சத்தமாக எண்ணினோம். 73. ஒன்று கூடிவிட்டது! அது பெட்டியில் எரிகிற சின்ன விளக்குக்குச் சரியாகப் போய்விட்டது போல.

"இதெல்லாம் உடனே தெரியாதும்மா, ஒரு மாசம் ஓடணும்" என்றார் அவர். "அப்போ பெட்டியை வச்சிட்டுப் போங்க. ஒரு மாசம் கழிச்சு வந்து காசு வாங்கிக்கிடுங்க" என்றார் ஆச்சி. அவர் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

முள் ஏன் இறங்கியது என்று பிறகு ஒரு எலெக்ட்ரீஷியன் தம்பி விளக்கினார். மோட்டார் ஓடும்போது வேலைக்கு ஆகிற கரண்டோடு, சும்மா போய்ப்போய் வருகிற கரண்டும் கம்பியில் இருக்கும். நெல்லோடு பதர் மாதிரி. பெட்டி அந்தப் பதரைத் தூற்றுகிறது, அதனால் குவியல் குறைந்த மாதிரி தெரிகிறது. ஆனால் வீட்டு மீட்டர் பதருக்குக் காசு வாங்குவதே இல்லை. நெல்லுக்கு மட்டும்தான் வாங்குகிறது. நெல் குறையவில்லை. ஆக, கண்ணால் பார்த்ததும் பொய்யில்லை, அவர் சொன்னதும் உண்மையில்லை.

இன்னொரு ஊர்க் குழு அதே பெட்டியை வாங்கிவிட்டது. ஊர் பேர் வேண்டாம், இங்கே வந்திருக்கிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வாங்கும் கூலியிலிருந்து ரெண்டு வருஷம் அந்தக் கடனைக் கட்டினார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டதால்தான் இந்தக் கதையை இவ்வளவு நீட்டிச் சொன்னோம்.

இப்போது பெட்டி வருவதில்லை, போன் வருகிறது. "உங்களுக்கு மானியம் வந்திருக்கு, இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணி ரகசிய நம்பரைப் போடுங்க" என்கிறார்கள். எங்கள் தங்கச்சி ஒருத்தி கேட்டாள்: "காசு எனக்கு வாரதுக்கு நான் எதுக்குப் பூட்டைத் திறக்கணும்?" அதுவும் பிண்ணாக்குக் கேள்விதான். போனில் பணம் நமக்கு வருவதற்கு ரகசிய நம்பர் வேண்டியதே இல்லை. நம்மிடமிருந்து போவதற்குத்தான் வேண்டும். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் போடுங்கள். எழுதிக்கொள்ளாதவர்கள் எழுதிக்கொள்ளுங்கள், நாங்கள் நிற்கிறோம்.

சரி, நல்ல செய்திக்கு வருவோம்.

ஒரு பழைய துணுக்கு உண்டு. சூரியனுக்கு ராக்கெட் விட்டால் எரிந்துபோகாதா என்று கேட்டால், "ராத்திரியில விட்டாப் போச்சு" என்று பட்டிக்காட்டுப் பொம்பளை சொல்வதாகப் போடுவார்கள். எந்தப் பட்டிக்காட்டில் எந்தப் பொம்பளை அப்படிச் சொன்னாளோ! 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி ஆதித்யா எல்-1 புறப்பட்ட செய்தியை வாசித்தபோது எங்கள் பதினாறு பேரில் ஒருத்தர்கூட அப்படிக் கேட்கவில்லை. முதல் கேள்வி, "எவ்வளவு பக்கத்துல போவும்?" என்பது.

பதிலைக் கேட்டு எல்லாருக்கும் ஏமாற்றம்தான். சூரியன் 15 கோடி கிலோமீட்டர். ஆதித்யா போவது 15 லட்சம் கிலோமீட்டர். நூற்றில் ஒரு பங்கு. இங்கிருந்து சென்னை 600 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், தென்காசியில் கிளம்பி ஆறு கிலோமீட்டர் போய் நிற்கிற மாதிரி. "அட, குற்றாலம் வரைக்கும்தானா! இதுக்கா நாலு மாசம்? பொதிகை ரயில்ல ஏறியிருந்தா விடியுமுன்ன சென்னைப் பக்கம் போயிருக்குமே" என்றார் மதினி. நாலு மாசம் சரிதான், 2024 ஜனவரி 6-ல்தான் போய்ச் சேர்ந்தது.

ஏன் அங்கே போய் நிற்கிறது? சூரியன் இழுப்பில் ஒரு பங்கைப் பூமி இழுப்பு ஈடுகட்டுகிற இடமாம். அங்கே நின்றால் பூமியோடு கூடவே சூரியனைச் சுற்றி வரலாம், எரிபொருள் அதிகம் செலவாகாது, நிழல் விழாமல் எந்நேரமும் சூரியனைப் பார்க்கலாம். பிள்ளை இதை வாசித்து முடிக்குமுன்னே, "மாமியா ஒரு பக்கம் இழுக்க, புருஷன் ஒரு பக்கம் இழுக்க, நடுவுல நிக்குத இடம்தான? எல்லா வீட்டுலயும் ஒரு எல்-1 இருக்கு" என்றாள் போன வருஷம் கல்யாணமாகி வந்த தங்கச்சி. அதை எழுதும்போது பிள்ளைக்கு எழுத்து ஓடவில்லை, அவ்வளவு சிரிப்பு.

எந்நேரமும் சூரியனைப் பார்த்தால் கண் கூசாதா என்றும் கேட்டோம். கூசும். அதனால் ஒரு கருவியில் சூரியனின் நடுவட்டத்தை மறைத்துவிட்டு, சுற்றியிருக்கிற ஒளிவட்டத்தை மட்டும் பார்க்கிறார்களாம். வயலில் தூரத்தில் யார் வருகிறார்கள் என்று கையை நெற்றிக்கு மேலே வைத்துப் பார்ப்போமே, அந்த வித்தை. 2024 மே 10, 11-ல் சூரியன் சீறியது, இருபது வருஷத்தில் காணாத சீற்றம் என்றார்கள். ஆதித்யா அதைப் பதிவு செய்தது. அந்தச் சீற்றத்தால் சாட்டிலைட், ரேடியோ எல்லாம் தடுமாறுமாம். "சீரியல் நேரத்துல சீறாம இருந்தாச் சரி" என்று நோட்டில் பதிவாகியிருக்கிறது.

இந்தச் செய்தியில் ஒரு வரியை மூன்று தரம் வாசிக்கச் சொன்னோம். ஆதித்யாவின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர். நம்ம செங்கோட்டை! அங்கேயே அரசுப் பெண்கள் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்து, 1987-ல் இஸ்ரோவில் சேர்ந்தவர். அதற்குப் பத்து நாள் முன்னாடிதான், ஆகஸ்ட் 23-ல், சந்திரயான்-3 நிலாவில் இறங்கியிருந்தது. செலவு ஏறக்குறைய 615 கோடி என்றதும் "அம்மாடி!" என்று வாயைப் பிளந்தவர்கள், நாட்டில் தலைக்கு நாலரை ரூபாய்கூட வராது, ஒரு டீ விலை இல்லை என்று பிள்ளை கணக்குப் போட்டதும் அடங்கினார்கள். நிலாவில் ஒரு பகல் நம் கணக்குக்கு 14 நாள் என்றபோது, "நூறு நாள் வேலை அங்க ஏழு பகல்ல முடிஞ்சிருமே!" என்றார் வயல் வேலை அக்கா. "ஒரு பகலுக்கு எத்தனை ஆயிரம் பீடி கேப்பான்?" என்று நடுங்கினார் பீடி அக்கா. ஆனால் செங்கோட்டை வரிக்கு யாரும் கிண்டல் பேசவில்லை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு அக்கா, பன்னிரண்டாவது படிக்கிற மகளை அடுத்த வருஷம் கட்டிக்கொடுக்க உள்கடனுக்கு எழுதிக் கொடுத்திருந்தவர், "அந்த மனுவைக் கொஞ்சம் தாங்க" என்று கேட்டு வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அந்தப் பெண் இப்போது திருநெல்வேலியில் படிக்கிறாள். உள்கடன் கல்விக்கென்று எழுதப்பட்டிருக்கிறது.

கடைசியாக வானிலை. இதில் மட்டும் எங்களுக்குள்ளேயே சண்டை.

வானிலைச் செய்தியைக் கிண்டல் பண்ணாத ஊர் உண்டா? சென்னை வானிலை மையத்தில் ரமணன் சார் இருந்த காலத்தில் அவர் டி.வி.யில் வந்தாலே பள்ளிக்கூடப் பிள்ளைகள் லீவு கேட்டுக் கும்பிட்டார்கள். "ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்பதைக் கேட்டு ஆச்சி, "அந்த ஓரிரு இடம் எங்க இருக்குன்னு சொல்லச் சொல்லுங்க, அங்கயே குடியேறிருதோம்" என்றார். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்தோம். மழை அளக்கிற நிலையங்களில் நாலில் ஒன்றிலோ அதற்கும் குறைவானவற்றிலோ பெய்யும் என்றால்தான் "ஓரிரு இடங்கள்". ஆக, நம் ஊரில் பெய்யாவிட்டால் அது பொய் என்று அர்த்தமில்லை. மஞ்சள் என்றால் கவனமாயிரு, ஆரஞ்சு என்றால் தயாராயிரு, சிவப்பு என்றால் இடத்தைக் காலி பண்ணுகிற மாதிரி உடனே ஏதாவது செய்.

"சிவப்புன்னு சொன்ன அன்னைக்குத்தான் வத்தல் காயப்போடணும்" என்று எங்கள் குழுவிலும் சொல்வார்கள். 2023 டிசம்பர் 17, 18-க்குப் பிறகு அதைச் சொல்வது குறைந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கும் மேலே. தூத்துக்குடிப் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிறதைவிட அதிகம். தாமிரபரணி ஊருக்குள் வந்தது.

அடுத்த மே மாதம் 17-ஆம் தேதி, 2024-ல், பழைய குற்றாலத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீரென்று வெள்ளம் இறங்கியது. பதினேழு வயசுப் பையன் ஒருவன் போய்விட்டான். அருவியில் நிற்கிறவர்களுக்குத் தலைக்கு மேலே வானத்தைப் பார்த்துத்தான் பழக்கம். இங்கே வெயில் அடித்தாலும் மேலே மலையில் கொட்டினால் அந்தத் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் இங்கேதான் வரும். எங்கள் குழுவில் குற்றாலத்தில் கடை போடுகிற ரெண்டு பேருக்கும் இது கைவந்த பாடம். தண்ணீர் நிறம் மாறும், சருகும் குச்சியும் சேர்ந்து வரும், இரைச்சல் கனக்கும். பேரருவியில் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் கேட்கவே வேண்டாம். அதைப் பார்த்ததும் கத்துவார்கள். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். "என்னம்மா, பஜ்ஜி விக்கிறதை விட்டுட்டு வானிலை அறிக்கை வாசிக்கிறியா?" என்று ஒருத்தர் கேட்டாராம்.

இந்தச் சிரிப்பும் நாங்கள் சிரிக்கிற சிரிப்பும் ஒன்றா என்பதுதான் எங்கள் சண்டை. ஒன்றில்லை என்று பீடி அக்கா சொல்கிறார். ஆச்சியின் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கேள்வி வரும், பதில் வரும்வரை அவர் விடமாட்டார். அந்த ஆளின் சிரிப்போடு பேச்சு முடிந்துபோகிறது என்பது அவர் கட்சி. கடைக்கார அக்காவோ, வெள்ளம் வரும்போது கேள்வி என்ன வேண்டிக்கிடக்கு, முதலில் கரையேறு, பிறகு சிரி என்கிறார். ரெண்டையும் நோட்டில் எழுதிவைத்திருக்கிறோம். சீசனில் ரெண்டு பேரும் கடையில் ஒரு பழைய தகர டின்னும் கம்பும் வைத்திருக்கிறார்கள். நிறம் மாறினால் தட்டுவார்கள். தட்டினால் சிரித்துக்கொண்டே ஓடினாலும் பரவாயில்லை, ஓடுங்கள்.

நேரமாயிற்று என்று மணி அடிக்கிறார்கள். நோட்டில் ஒரு கேள்வி மட்டும் இன்னும் பதில் இல்லாமல் கிடக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள் அல்லவா? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே விட்டால் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், குலசையிலிருந்து நேரே கடலுக்கு மேலே போகலாம், எரிபொருள் மிச்சம் என்று வாசித்தோம். "தசராக் கூட்டத்துல அதையும் விடப்போறாவளா?" என்று மதினி சிரித்தார். கடற்கரை ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த தங்கச்சி சிரிக்கவில்லை. "எரிஞ்சு தீர்ந்த கட்டை கடல்லதான விழும்? அன்னைக்கு எங்க அண்ணன்மாரு வலையோட எங்கன நிக்கணும், எங்கன நிக்கக்கூடாதுன்னு யாரு வந்து சொல்லுவா? தொழிலுக்குப் போகாத நாளுக்குக் கூலி உண்டா?"

தெரிந்தவர்கள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லுங்கள். பிள்ளை நோட்டோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், நீலத் தாவணி.